வழுக்கப் பழகுதல்

“ட்ரிஃப்ட் பழகுறம்” என்று சொன்னால் மூன்று விதமான பதில் வரும். பெடியள் என்றால், “மச்சான், வீடியோ எடுத்தனீங்களோ?” அம்மாமார் என்றால், “படிக்கிற பிள்ளையளுக்கு வேற வேலை இல்லையோ?” கம்பஸில் கொஞ்சம் வாசிக்கிற ஆக்கள் என்றால் ஒரு சிரிப்பு, பிறகு பெற்றோல் விலை பற்றியும் சூழல் பற்றியும் ஒரு சின்ன விரிவுரை. மூன்று பகுதிக்கும் சேர்த்துப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் ஏழு பேர். எல்லாரும் கலைப்பீடம். புவியியல் மூன்று பேர், சமூகவியல் இரண்டு பேர், தமிழும் வரலாறும் ஒவ்வொருவர். நாலு பெடியள், மூன்று பெட்டையள். ஏழு பேரிடமும் லைசன்ஸ் இருக்கிறது, ஒருவரிடமும் கார் இல்லை. ஒரு வருசத்துக்கு மேலாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளிநொச்சிப் பக்கம் ஓடாமல் கிடக்கிற ஒரு நெல்லு மில்லின் சீமெந்துத் தளத்தில், ஒரு பழைய காரை வைத்துப் பழகுகிறோம். ஒரு காணொளிகூட இதுவரைக்கும் ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை என்பதும் இந்தக் கதைக்குள்ளேயே வரும்.

முதலில், ட்ரிஃப்ட் என்றால் என்ன? வளைவில் காரின் பின் ரயர்கள் பிடிமானத்தை இழந்து வெளிப்பக்கமாக வழுக்குகின்றன. கார் ஒரு பக்கம் பார்க்கிறது, இன்னொரு பக்கம் போகிறது. அதை விபத்தாக விடாமல், ஸ்டியரிங்கையும் அக்ஸிலேற்றரையும் வைத்து அந்த வழுக்கலை வளைவு முடியும் வரைக்கும் பிடித்து வைத்திருப்பதுதான் ட்ரிஃப்ட். தெரியாமல் வழுக்கினால் அதன் பெயர் விபத்து.

இந்த வித்தை வளர்ந்த இடம் யப்பான். 1970களில் குனிமிற்சு தகஹாஷி என்ற பந்தய ஓட்டுநர் வளைவுகளில் காரை வழுக்கவிட்டு ஓட்டிப் பேர் பெற்றார். அதற்கு முதல் அவர் மோட்டார் சைக்கிள் வீரர். 1961இல் உலகக் கிராண்ட் பிறீ பந்தயம் ஒன்றை வென்ற முதல் யப்பானியர். அவரைப் பார்த்துப் பழகிய கெய்ச்சி சுச்சியா மலைப்பாதைகளில் ஓடி ஓடி, பின்னாளில் ‘ட்ரிஃப்ட் கிங்’ ஆனார். மலைப்பாதையில் ராவில் ஓடுகிற பெடியளின் கதையைத்தான் ‘இனிஷியல் டி’ என்ற மங்கா சொன்னது. ஷுய்ச்சி ஷிகெனோ 1995இல் இருந்து 2013 வரை எழுதி வரைந்தது. 2006இல் ‘ரோக்கியோ ட்ரிஃப்ட்’ படம் வந்தது. எங்கள் வயதுப் பெடியளின் ஃபோனுக்கு ட்ரிஃப்ட் வந்து சேர்ந்த வழி இதுதான்.

இனிஷியல் டி பார்த்த எல்லாருக்கும் அந்த வெள்ளைக் கறுப்பு ஹச்சிரொக்கு ஞாபகம் இருக்கும், ரொயோட்டா ஏ.ஈ. 86. ஆனால் கதையில் ரக்குமி பழகிய விதம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அவன் தகப்பனின் ரோஃபுக் கடைக்கு விடியப்பறம் ரோஃபு கொண்டுபோகிறவன். ரோஃபு உடையக்கூடாது என்பதற்காகத் தகப்பன் காருக்குள் ஒரு கப்பில் தண்ணீர் வைத்துவிடுவார். தண்ணீர் சிந்தாமல் மலையால் இறங்கி வர வேண்டும். அதாவது அந்தக் கதையில் பயிற்சி என்பது வேகத்தில் தொடங்கவில்லை, ஒரு சொட்டும் சிந்தாமல் ஓட்டுவதில் தொடங்கியது. ரீல்ஸில் அந்தக் கப்பை ஒருவரும் காட்டுவதில்லை. புகை வருகிற அந்தப் பத்து செக்கன்தான் வரும்.

அந்தப் பத்து செக்கனைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். சந்தியில் மோட்டார் சைக்கிளின் பின் ரயரை எரிக்கிறது. கடற்கரை றோட்டில் யாருடையதோ காரை இரவல் வாங்கி ஹாண்ட் பிறேக் இழுக்கிறது. நாங்கள் கம்பஸுக்கு வந்த பிறகு றோட்டு விபத்தில் போன செத்தவீடு மட்டும் மூன்று. மூன்றில் ஒன்று, எங்கள் பட்ச் பிள்ளை ஒன்றின் தம்பி. கார்த்திகை மாச மழை, இரவல் வாகனம், ஒரு வளைவு. அவனுக்குப் பத்தொன்பது வயது. ட்ரிஃப்ட் அடிக்கப் போனானா, சும்மா வழுக்கினதா என்று ஒருவருக்கும் தெரியாது. செத்தவீட்டில் ஆக்கள் கதைத்தது எல்லாம் “இந்தக் காலத்துப் பெடியள்” என்பதுதான். மழை றோட்டில் பின் ரயர் வழுக்கினால் கை என்ன செய்ய வேண்டும், கால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பெடியனுக்கு யார் எப்போது சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாங்கள் லைசன்ஸ் எடுத்தபோது பழகியது கியர் மாற்ற, ரிவேர்ஸ் எடுக்க, மேட்டில் நிப்பாட்டி எடுக்க, சிக்னல் போட. எல்லாம் காய்ந்த றோட்டில், இருபது முப்பது கிலோமீற்றர் வேகத்தில். கடும் பிறேக் ஒரு தரம்கூட அடித்துப் பார்க்காமலே எங்களுக்கு லைசன்ஸ் வந்தது.

எங்களில் ஒருத்தியின் ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். சவூதியில், ரியாத்தில், எட்டு வருசம் றைவர் வேலை செய்துவிட்டு வந்தவர். அந்தச் செத்தவீட்டுக்குப் பிறகு ஒரு நாள் அவரிடம் போய், “அண்ணை, கார் வழுக்கினா என்ன செய்யிறது எண்டு பழக்குவீங்களோ?” என்று கேட்டோம். அவர் உடனே ஓம் சொல்லவில்லை. ரியாத்தில் கண்ட கதையைச் சொன்னார். அங்கே பெடியள் பெரிய நேர் றோட்டுகளில், சாதாரணக் குடும்பக் கார்களில், நூறுக்கு மேல் ஓடி, ஸ்டியரிங்கை வெட்டிக் குறுக்கே வழுக்கவிடுவார்கள். தஃப்ஹீத் என்று பெயர். றோட்டோரம் சனம் கும்பலாக நின்று பார்க்கும். “கார் புரண்டு சனத்துக்குள்ள போனதைக் கண்ணால கண்டனான் பிள்ளை. அதைப் பழக வாறியளெண்டா நான் ஆளில்லை. நிப்பாட்டப் பழக வாறியளெண்டா வாங்கோ.”

அவர் சொன்ன பிறகு எங்கள் சமூகவியல்காரி ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தாள். பஸ்கல் மெனோரே என்ற ஆய்வாளர் ரியாத்தின் கார்ப் பெடியளோடு பழகி எழுதி 2014இல் வெளிவந்தது. அவர் அதை வெறும் வெறியாட்டமாகப் பார்க்கவில்லை. கார் இல்லாவிட்டால் ஒரு இடத்துக்கும் போக முடியாதபடி கட்டப்பட்ட நகரம், போக இடமில்லாத, செய்ய ஒன்றுமில்லாத இளம் ஆக்கள், எல்லாவற்றையும் தடுக்கிற அதிகாரம் என்று அதன் வேர்களைக் காட்டுகிறார். வாசிக்கும்போது எங்கள் ஊர்ச் சந்திகள்தான் ஞாபகம் வந்தன. சவூதியின் காசும் றோட்டும் எங்களிடம் இல்லை. ஆனால் போக இடமில்லாமல் சந்தியில் நிற்கிற பின்னேரம் எங்களிடமும் நிறைய இருக்கிறது.

ஆக, முதல் கேள்வி இடம். வன்னியில் வெட்டை வெளிக்குப் பஞ்சமில்லை என்று வெளியில் இருந்து பார்க்கிற ஆக்கள் நினைக்கலாம். இங்கே வெறுங்காணி என்றால் முதலில் விசாரிக்க வேண்டியது வேறு விசயம். போர் முடிந்து பத்து வருசத்துக்குப் பிறகும் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆர் காணி, எப்ப துப்புரவாக்கினது என்று தெரியாத தரையில் காரை விட ஏலாது. விளையாட்டு மைதானம் சரிவராது, புல்லும் பழுதாகும், பிள்ளைகளும் வருவார்கள். பொது றோட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியில்தான் அந்த மில். புழுங்கல் நெல்லை அவித்துக் காயவிட்ட பெரிய சீமெந்துத் தளம், ஒரு ஏக்கருக்குக் கிட்ட. மில் நின்று கனகாலம். இப்போது ஆடுகள் மட்டும்தான் படுக்கும். நெல் அவித்த இடம் என்றபடியால் பெரிய கிணறு இருக்கிறது, பம்பும் வேலை செய்கிறது. மில்காரர் ஐயா எங்கள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு மூன்று நிபந்தனை வைத்தார். ஒயில் ஒரு சொட்டும் தரையில் விழக்கூடாது. பார்க்க ஆக்கள் வரக்கூடாது. ஆறு மணிக்கு முதல் கேற் பூட்ட வேண்டும். இரண்டாவது நிபந்தனைக்கு அப்போது எங்களுக்கு முழு அர்த்தம் விளங்கவில்லை.

கார், அண்ணையின் கராஜில் நின்ற கே.ஈ. 72 டிஎக்ஸ் வாகன். எங்கள் வயதை விட இரண்டு மடங்கு வயது. ஏன் இந்தக் கிழட்டுக் கார்? அந்தக் காலத்துக் கொறோலாவில் எஞ்சின் முன்னால், இழுவை பின் சில்லில். 1983க்குப் பிறகு கொறோலா செடான்கள் முன் சில்லு இழுவைக்கு மாறிவிட்டன. இப்போது எங்கள் றோட்டில் ஓடுகிற விட்ஸ், அக்ஸியோ, வகன் ஆர், பிறியஸ் பெரும்பாலும் எல்லாமே முன் சில்லு இழுவைதான். அவற்றில் அக்ஸிலேற்றரை மிதித்துப் பின்பக்கத்தை வழுக்க முடியாது. ஹாண்ட் பிறேக்கால் பின் சில்லைப் பூட்டி இழுக்கத்தான் முடியும். அது ட்ரிஃப்ட் இல்லை, கட்டுப்பாடு போன ஒரு சறுக்கல். புதுக் கார்களில் வழுக்கலைக் கண்டவுடன் தானாகப் பிறேக் போட்டுக் காரை நேராக்குகிற ஸ்திரக் கட்டுப்பாடும் இருக்கிறது. அது உயிரைக் காப்பாற்றுகிற சாமான். ரீல்ஸில் பார்த்துவிட்டு அதை ஓஃப் பண்ணாதீங்கோ. வீட்டுக் காரில் இதைப் பழக வெளிக்கிட வேண்டாம் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

தரையை நனைப்பதுதான் எங்கள் முழு வித்தை. காய்ந்த சீமெந்தில் இந்தக் காரின் சின்ன எஞ்சினுக்குப் பின் ரயரை வழுக்கச் சக்தி காணாது. வழுக்க வேண்டுமென்றால் வேகம் வேண்டும். வேகம் கூடினால் இடம் காணாது, பிழைத்தால் தப்பவும் ஏலாது. தளத்தைப் பம்புத் தண்ணீரால் நனைத்து, பின்னுக்கு மட்டும் தேய்ந்த ரயர் இரண்டைப் போட்டால், மணிக்கு இருபது இருபத்தைந்து கிலோமீற்றரிலேயே கார் வழுக்கும். றோட்டில் எண்பதில் நடக்கிற அதே விசயம், சைக்கிள் வேகத்தை விடக் கொஞ்சம் கூடின வேகத்தில், மெதுவாக, கண்ணுக்கு முன்னால் நடக்கும். ரயரும் தேயாது, புகையும் வராது. தேய்ந்த ரயரோடு றோட்டுக்கு ஏற ஏலாது என்றபடியால் வந்தவுடன் மாற்றுவோம், போகமுதல் திருப்பி மாற்றுவோம். அந்த நட்டுகளை இறுக்கிச் சரிபார்க்கிறது ஒவ்வொரு முறையும் இரண்டு பேரின் வேலை, ஒருவர் இறுக்க மற்றவர் பார்க்க.

தொடங்கமுதல் செய்கிறவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காணொளிகளில் இந்தப் பகுதி இருக்காது. காருக்குள் ஜாக்கி, போத்தல், ஃபோன், குடை என்று தளர்வாகக் கிடக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுப்போம். பற்றறி இறுக்கமாக இருக்கிறதா, பிறேக் ஒயில் அளவு சரியா என்று அண்ணை பார்ப்பார். ஸீட் பெல்ற், ஹெல்மற், கண்ணாடி மேலே. கண்ணாடி ஏன் மேலே என்றால், கார் புரண்டால் கை வெளியே போகும். தீயணைப்பான் ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக ஒரு வாகனம், 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க ஒரு ஆள். காருக்குள் ஓட்டுகிறவரும் அண்ணையும் மட்டும்.

தளத்தின் ஓரத்தில் நெல்லுச் சிந்தாமல் இருக்க நாலு அங்குலக் கட்டு ஒன்று இருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லாத கட்டு. ஆனால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிற காரின் ரயர் அதில் தடுக்கினால், காரை உருட்டிவிட அது போதும். அதனால் கட்டில் இருந்து பத்து மீற்றர் உள்ளே, வெறும் பெயின்ற் வாளிகளை வரிசையாக வைத்து அதுதான் எல்லை என்று வைத்திருக்கிறோம். வாளியில் முட்டினால் அன்றைக்கு அந்த ஆளின் முறை முடிஞ்சுது.

முதல் இரண்டு மாதமும் வழுக்கவே இல்லை. இருக்கையில் எப்படி இருப்பது, ஸ்டியரிங்கை எங்கே பிடிப்பது, பிறகு பிறேக். காய்ந்த தரையில் முப்பதில் வந்து முழுப் பிறேக். நனைந்த தரையில் முப்பதில் வந்து முழுப் பிறேக். அதற்கு முதல் ஒவ்வொருவரும் கார் எங்கே நிற்கும் என்று நினைக்கிற இடத்தில் ஒரு வாளி வைக்க வேண்டும். நனைந்த தரையில் ஏழு வாளியையும் கார் தாண்டிப் போய்த்தான் நின்றது.

ஏன் என்று கணிதம் படிக்கிற நண்பன் ஒருவனிடம் கேட்டோம். அவன் ஒரு கடதாசியில் போட்டுக்காட்டினான். காய்ந்த சீமெந்தில் முப்பதில் பிறேக் பிடித்தால் ஏறத்தாழ 5 மீற்றர், நனைந்ததில் ஏறத்தாழ 9 மீற்றர். அறுபதில் வந்தால் இரண்டு மடங்காகும் என்று நாங்கள் சொன்னோம். இல்லை, நாலு மடங்கு: காய்ந்ததில் 20, நனைந்ததில் 35. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நாலு மடங்கு. அதோடு கண் கண்டு கால் பிறேக்குக்குப் போக ஒரு செக்கன் எடுத்தால், அறுபதில் அந்த ஒரு செக்கனுக்கே 17 மீற்றர் போய்விடும். மழைக்குள் அறுபதில் வருகிற ஆளுக்கு நிற்க ஐம்பது மீற்றருக்கு மேல் வேண்டும். கண்டி றோட்டில் மழைக்குள் அறுபதில் போகிறவரை நாங்கள் எல்லாரும் “மெதுவாப் போறார்” என்றுதான் சொல்லுவோம்.

மூன்றாம் மாதம் வட்டம். நடுவில் ஒரு வாளி, அதைச் சுற்றி இரண்டாம் கியரில் மெதுவாக. பிறகு அக்ஸிலேற்றரைக் கொஞ்சம் கூட்டி மிதிக்க, பின்பக்கம் விலகும். அப்போது உடம்பு தானாகச் செய்கிற மூன்று விசயமும் பிழையானது. கண், இடிக்கப் போகிற இடத்தைப் பார்க்கும். கால், பிறேக்கை மிதிக்கும். கை, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பழக வேண்டியது இந்த மூன்றையும் மாற்றத்தான்.

கண், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கை கண்ணுக்குப் பின்னால்தான் போகும். பின்பக்கம் எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பின்பக்கம் இடப்பக்கம் போனால் ஸ்டியரிங்கும் இடப்பக்கம். கார் நேராகத் தொடங்கும்போது ஸ்டியரிங்கையும் உடனே நேருக்குக் கொண்டுவர வேண்டும். பிந்தினால் கார் மற்றப் பக்கம் அடித்துத் திரும்பும், அந்த இரண்டாவது அடிதான் ஆளைக் கவிழ்க்கும். அக்ஸிலேற்றரைச் சடாரென்று விடக்கூடாது, விட்டால் பாரம் முன்னுக்கு வந்து பின்பக்கம் இன்னும் இலேசாகும். இவ்வளவும் செய்தும் கார் சுற்றத் தொடங்கினால், “ரெண்டு காலும் உள்ள!” என்று அண்ணை கத்துவார். கிளச்சும் பிறேக்கும் அடிவரைக்கும். நிற்கும் வரை எடுக்கக்கூடாது.

இதை எழுதுவது சுகம். கைக்கு வர எங்களுக்கு நாலு மாதம் எடுத்தது. வந்த அன்றைக்கு உடம்பில் ஏறுகிற சந்தோசத்தை மறைக்கவும் விரும்பவில்லை. ஒரு டொன்னுக்குக் கிட்டப் பாரமான இரும்பு, தண்ணீரைச் சீவிக்கொண்டு பக்கவாட்டில் மிதந்து போகும். நீங்கள் உள்ளே கையை அசைக்க அது கேட்கும். எங்களில் மூன்று பெட்டையளுக்கு அது வேறொரு சந்தோசமும். பக்கத்து ஸீட்டில் இருந்து “மெல்ல, மெல்ல” என்று சொல்லத்தான் வீட்டில் விட்டார்கள். மில் வாசலால் போகிற சனம், “பொம்பிளைப் பிள்ளையள் கார் சுத்துதுகள்” என்று கதைத்ததும் உண்மை. கதைச்சிட்டுப் போகட்டும்.

பார்க்கிற ஆக்கள் விசயத்துக்கு வருவோம். மில்காரர் ஐயாவின் இரண்டாவது நிபந்தனை எங்களுக்கு விளங்கியது வட்டம் பழகத் தொடங்கிய பிறகுதான். பிடி விட்ட கார் எப்போதும் வளைவின் வெளிப்பக்கத்துக்குத்தான் போகும். நல்லாகத் தெரியுது என்று சனம் வந்து நிற்கிற இடமும் அதே வெளிப்பக்கம்தான். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்குள் போனது. ஏழு பேர் செத்தார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும். முறையாக நடந்த பந்தயம், பயிற்சி உள்ள ஓட்டுநர்கள். அப்படியான இடத்திலேயே அது நடக்கும் என்றால், சந்தியில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கும்பலை நினைத்துப் பாருங்கோ. எங்கள் தளத்தில் ஓடாத ஆறு பேரும் மில் கட்டடத்தின் தூணுக்குப் பின்னால்தான் நிற்போம். அங்கே இருந்து வடிவான காணொளி எடுக்க ஏலாது. ஏற்றாததற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணம் இனித்தான் வருகிறது.

ஆறாம் மாதம் எங்களுக்குள் ஒரு பெரிய விவாதம் வந்தது. புவியியல்காரன் ஒருவன் ஒரு ஆய்வைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். நோர்வேயில், பனியில் வழுக்கும் றோட்டில் ஓட்டுகிற பயிற்சியைப் புது ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். விபத்து குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1980களில் அதை ஆராய்ந்தபோது, வழுக்கும் றோட்டில் இளம் ஆண்களின் விபத்து கூடியிருந்தது. பழகினவர்களுக்கு “எனக்குத் தெரியும்” என்ற நினைப்பு வந்துவிட்டது. நினைப்போடு வேகமும் வந்தது.

சுவீடனில் 1996இல் வெளிவந்த இன்னொரு பரிசோதனை இன்னும் தெளிவானது. இளம் ஓட்டுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழுக்கலைச் சமாளிக்கிற திறமையைப் பழக்கினார்கள். மற்றக் குழுவுக்கு, உங்களால் எவ்வளவு முடியாது என்பதைக் காட்டினார்கள். பிறகு சோதித்தால், செய்துகாட்டியதில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் திறமை பழகின குழு தன் திறமையைக் கூட்டி மதிப்பிட்டிருந்தது.

அன்றைக்கு மில்லுத் தூணடியில் இருந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். ஒரு பகுதி, “அப்ப இதை நிப்பாட்டுவம், நாங்கள் ஆபத்தை வளர்க்கிறம்” என்றது. மற்றப் பகுதி, “நிப்பாட்டினா? ரீல்ஸ் நிப்பாட்டுமோ?” என்றது. அண்ணை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “நீங்கள் இஞ்ச வரத் தொடங்கினாப் பிறகு றோட்டில வேகம் கூடினதோ, குறைஞ்சதோ? ஒவ்வொருத்தரா உண்மையைச் சொல்லுங்கோ.”

ஆறு பேர் குறைந்தது என்றார்கள். ஒருவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “காய்ஞ்ச றோட்டில குறைஞ்சது. மழையில தெரியாது. மழை பெய்தா இப்ப எனக்குப் பயம் குறைவு” என்றான். அந்த ஒரு பதிலுக்காகவே பயிற்சியின் முறையை மாற்றினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தொடக்கம் வாளிதான். நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் பிறேக். ஒரு கொப்பியில் சொன்ன தூரம், நின்ற தூரம் இரண்டையும் எழுதுவோம். தண்ணீர் அளவை, ரயரை, காற்றை அண்ணை ஒவ்வொரு முறையும் சொல்லாமல் மாற்றுவார். அதனால் போன மாதம் சரியாகச் சொன்ன ஆளுக்கும் இந்த மாதம் பிழைக்கும். காருக்குள் ஒரு கப்பில் தண்ணீரும் வைக்கத் தொடங்கினோம், ரக்குமியின் தகப்பன் வைத்த மாதிரி. வழுக்கல் பயிற்சிக்கு முதல், கப் சிந்தாமல் தளத்தை மூன்று சுற்று வர வேண்டும். அடுத்தது, பொது றோட்டில் இதில் எதையாவது காட்டின ஆளுக்கு இங்கே இடமில்லை, மன்னிப்பும் இல்லை. கடைசியாக, காணொளி இல்லை. ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் கால் கனக்கும். இதற்கு ஆய்வு தேவையில்லை, நாலு பெடியளும் தாங்களே ஒத்துக்கொண்ட விசயம்.

கொப்பியை இப்போது புரட்டிப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. ட்ரிஃப்ட் எங்களுக்கு நல்லாக வந்திருக்கிறது. ஆனால் தரை எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் ஒருவருக்கும் வரவில்லை. வழுக்கலைப் பிடித்துக் காப்பாற்ற முடிவதும், நாங்கள் எதிர்பார்த்து, நனைத்து, வாளி வைத்து, இருபத்தைந்தில் போகிறபடியால்தான். கண்டி றோட்டில், எதிரே பஸ் வர, குறுக்கே மாடு வர, மணலும் மழையும் சேர்ந்த ஒரு வளைவில் அது வேலை செய்யும் என்று எங்களில் ஒருவரும் பந்தயம் கட்ட மாட்டோம். பாதுகாப்பாக ட்ரிஃப்ட் பழகுவது என்பது எங்களைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: பிடிமானம் எங்கே முடியும் என்பதை உடம்பால் அறிந்து, றோட்டில் அந்த இடத்துக்குக் கிட்டவும் போகாமல் இருப்பது.

அம்மாமாருக்கு: நாங்கள் முந்தி ஓடியதை விட இப்போது மெதுவாகத்தான் ஓடுகிறோம், வேண்டுமென்றால் பின்னுக்கு ஏறி இருந்து பாருங்கோ. பெற்றோல் கதைக்கிற நண்பர்களுக்கு: ஒரு ஞாயிறுக்கு ஐந்து ஆறு லீற்றர் போகிறது, ஏழு பேரும் பிரித்துத்தான் போடுகிறோம், அந்தக் கணக்கை நாங்களும் யோசிக்கிறோம். வீடியோ கேட்கிற பெடியளுக்கு: வீடியோ இல்லை, ஆனால் வாளியும் கொப்பியும் இருக்கிறது.

யப்பானிலும் மலைப்பாதை ஓட்டத்தைப் பொலிஸ் மட்டும் குறைக்கவில்லை. ஃபுகுஷிமாவில் எபிசு மாதிரி, காசு கட்டி நாள் முழுக்க வழுக்கலாம் என்ற ஓடுதளங்கள் வந்தன. 2000களின் தொடக்கத்தில் டி1 போட்டி வந்து அதற்கு விதியும் நடுவரும் ஹெல்மற்றும் வந்தது. எங்களுக்குப் பந்தயத் தளம் வேண்டாம். ஓடாத மில்லுகளும், நெல்லுக் காயாத மாதங்களில் வெறுமையாகக் கிடக்கிற தளங்களும் எங்கள் பக்கம் எத்தனையோ இருக்கின்றன. ஒரு பிரதேசத்துக்கு ஒரு தளம், ஒரு பம்பு, பொறுப்பான ஒரு மெக்கானிக், இருபது வெறும் வாளி. லைசன்ஸ் எடுக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தரமாவது நனைந்த தரையில் முழுப் பிறேக் அடித்து, தான் வைத்த வாளியைத் தாண்டிக் கார் போவதைப் பார்க்கட்டும். ட்ரிஃப்ட் பழகாவிட்டாலும் பரவாயில்லை.

ஐப்பசி தொடங்கிவிட்டது. மழைக்குள் போகிற ஆக்கள் பார்த்துப் போங்கோ. முன்னால் போகிற வாகனத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நீங்கள் காணும் என்று நினைக்கிற இடைவெளியை எடுத்து, அதை இரண்டு மடங்காக்குங்கோ.